பன்னிரண்டு பேருக்காக நடந்த கெங்கம்மாள்

பட்டரவாக்கம் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் பதினான்காவது படி வந்ததும் கெங்கம்மாள் நின்றுவிடுவாள். மூச்சு வாங்குவது யாருக்கும் தெரியக் கூடாது. அதனால் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் ரயில் நேர அட்டவணையை உற்றுப் பார்ப்பாள். இரண்டு வருஷமாக அதே அட்டவணைதான். அரக்கோணம் வண்டி எத்தனை மணிக்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அரக்கோணத்துக்கு அவள் ஒரு நாளும் போனதில்லை.

வெள்ளானூரில் பிறந்து வெள்ளானூரிலேயே வாக்கப்பட்டவள். கல்யாணமான புதிதில் அவள் களை எடுத்த வயலில் இப்போது மூன்று மாடிக் குடியிருப்பு நிற்கிறது. அவள் குனிந்த இடத்தில் யாரோ கார் நிறுத்துகிறார்கள். அதற்காக அவள் பெருமூச்சு விட்டதே இல்லை. களை எடுப்பது அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்காது. நிமிர்ந்து நடக்கிற வேலை வேண்டும் என்று கேட்டாள், அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கிடைத்தது. காருக்கு ரப்பர் பட்டை செய்யும் தொழிற்சாலை. அதில் டீ கொடுக்கும் வேலை. பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது. இப்போது வயது நாற்பத்து நான்கு.

முந்நூறு பேருக்கு டீ. கேண்டீனிலிருந்து கிடங்கு, கிடங்கிலிருந்து மெஷின் ஓடும் கூடம், பிறகு மாடியில் ஆபீஸ். தள்ளுவண்டி மாடி ஏறாது. கெட்டிலைத் தூக்கிக்கொண்டு இருபத்திரண்டு படி. யாருக்குச் சர்க்கரை பாதி, யாருக்கு அறவே கூடாது, யார் முந்தின நாள் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருப்பதால் இரண்டாவது டம்ளர் கேட்பார்கள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. முதலாளி முதல் வாட்ச்மேன் வரை அவளைக் 'கெங்காக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். மேனேஜர் ஞானசேகரன் மட்டும் 'கெங்கம்மா' என்பார். அவருக்கு நாலு மணிக்கு இஞ்சி டீ, சர்க்கரை இல்லாமல்.

இத்தனை இருந்தும் அவள் பேர் கம்பெனி ஏட்டில் இல்லை. ஹேமநாதன் என்கிற காண்டிராக்டரின் ஆள் அவள். கம்பெனி தீபாவளிக்கு ஸ்வீட் கொடுத்தால் அவளுக்குக் கிடையாது. வருஷா வருஷம் டூர் போனால் அதுவும் கிடையாது. டூர் அன்று விடிகாலையில் வந்து டீ போட்டு, கேனைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றிவைத்துவிட்டு, கீழே இறங்கிக் கையாட்டுவாள். பத்தொன்பது முறை கையாட்டியிருக்கிறாள். ஒரே ஒரு முறை அந்த பஸ்ஸில் தானும் உட்கார்ந்து போக வேண்டும், அதுவும் ஜன்னலோரத்தில் என்பது அவள் மனசுக்குள் இருந்த ஆசை. வெளியில் சொன்னதில்லை.

மூச்சு வாங்குவதையும் வெளியில் சொன்னதில்லை. முன்பு கூடவே வேலை பார்த்த மைதிலி முட்டி வலிக்கிறது என்று வாய் திறந்தாள். மறு வாரமே ஹேமநாதன் அவளை நிறுத்திவிட்டான். அதனால் கெங்கம்மாள் வாயைக் கட்டிக்கொண்டாள். காலையில் வெறும் வயிற்றோடு ஷேர் ஆட்டோ பிடித்து ஆவடி, அங்கிருந்து ரயில். ஒன்பது மணிக்கு ஒரு டீ, பதினொரு மணிக்கு கெட்டிலில் மிச்சம் இருப்பது, மத்தியானம் நாலு வாய் சோறும் கூடவே ஒரு டீயும். டீ உள்ளே போனால் பசி ஓடிப்போகும், வேலையும் ஓடும். மாதா மாதம் பத்து நாள் அவள் படுகிற பாட்டை அவள் புருஷனிடம்கூடச் சரியாகச் சொன்னதில்லை.

இந்த நிலையில்தான் கம்பெனிக்கு ஆரோக்கியத்தின் மேல் திடீர்ப் பாசம் வந்தது.

'நூறு நாள் நலம்' என்று திட்டத்துக்குப் பெயர். அதைக் கேட்டதுமே கிடங்கு ஆட்கள் 'நூறு நாள் வேலை' என்று மாற்றிவிட்டார்கள். நாமக்கல்லிலிருந்து வந்து அயப்பாக்கத்தில் ஃபிளாட் எடுத்துத் தங்கியிருந்த எச்.ஆர். பெண் பவ்யா, பாவம், ராத்திரியும் பகலும் உட்கார்ந்து படம் படமாகத் தயார் பண்ணித் திரையில் போட்டு விளக்கினாள். ஆளுக்கொரு ரப்பர் பட்டை கையில் கட்டிக்கொள்ள வேண்டும். நடந்தால் அது எண்ணும். மாடிப்படி ஓரம் மாட்டியிருக்கும் பெட்டியைக் கடந்தால் கணக்கு தானாக ஏறிவிடும். பட்டை நாடித் துடிப்பையும் பார்க்கும் என்று கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு படம் வந்தது. அந்த நேரம் பார்த்து சமோசா தட்டு உள்ளே வந்துவிட்டதால் அந்தப் படத்தை யாரும் கவனிக்கவில்லை. அதிகம் நடக்கும் பிரிவுக்கு மகாபலிபுரம் டூர் என்றதை மட்டும் எல்லாரும் கவனித்தார்கள். தனியாக அதிகம் நடந்தவர் ஒருவருக்கும் பஸ்ஸில் இடம் உண்டு.

காண்டிராக்ட் ஆட்களுக்குப் பட்டை கிடையாது. நாளெல்லாம் நடக்கிறவளை விட்டுவிட்டு, உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடை எண்ணும் பட்டையைக் கட்டினார்கள். படித்தவர்கள் போட்ட திட்டம் அல்லவா!

இன்ஸ்பெக்ஷன் பிரிவில் பன்னிரண்டு பெண்கள். வெளிச்சம் வரும் கண்ணாடி மேஜைக்கு முன்னால் காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் ஐந்தரைக்குத்தான் எழுந்திருக்க முடியும். ரப்பர் பட்டையில் கீறல் இருக்கிறதா, குமிழ் இருக்கிறதா என்று பார்க்கிற வேலையில் நடப்பதற்கு ஏது வழி? முதல் வாரம் முடிந்து பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். கிடங்கு ஆட்கள் முதலிடம். இன்ஸ்பெக்ஷன் கடைசி. அந்தப் பிரிவுக்குத் தலைவி வசந்தகுமாரி, கரையான்சாவடிக்காரி. ரேஷன் கடை வரிசையில்கூடத் தோற்றுப்போக மாட்டாள்.

"கெங்காக்கா, நீ ஒரு நாளைக்கு எத்தினி தபா மாடி ஏறி எறங்கற?" என்று கேட்டாள், டீ டம்ளரை வாங்கிக்கொண்டே.

"அத யாரு எண்ணிகினு கீறாங்க? டீ ஆறதுக்குள்ள போய்ச் சேரணும், அவ்ளோதான்."

"எங்க பட்டையையும் கட்டிகினு நட. உனுக்கு இன்னா, சும்மா தானே நடக்கற?"

கெங்கம்மாள் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டாள். "மாட்டிக்கினா? அந்த ஹேமநாதன் என்னிய ஊட்டுக்கு அனுப்பிடுவான் தாயே."

"யாரும் பாக்க மாட்டாங்க, முழுக்கை கோட்டு போட்டுகினு கீறியே. நாங்க ஜெயிச்சா டூர் பஸ்ல நீயும் எங்க கூட வர்ற. பன்னண்டு பேரும் சேந்து கேப்போம், மேனேஜர் இல்லன்னுடுவாரா? உனுக்கு ஜன்னலோரம்."

ஜன்னலோரம் என்று அவள் ஏதோ ஒரு பேச்சுக்குத்தான் சொன்னாள். கெங்கம்மாளுக்கு அது போதுமானதாக இருந்தது.

மறுநாள் காலை உடை மாற்றும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இடது கையில் ஆறும் வலது கையில் ஆறுமாகக் கட்டினார்கள். சீமந்தத்துக்கு வளையல் அடுக்குகிற மாதிரி கும்மாளம். அதன் மேல் கேண்டீன் நீலக் கோட்டு. சாயங்காலம் ஐந்தரைக்குக் கழற்றி அவரவரிடம் கொடுத்துவிட வேண்டும். இப்படித்தான் கெங்கம்மாள் பன்னிரண்டு பேருக்காக நடக்க ஆரம்பித்தாள்.

அடுத்த வாரப் பட்டியலைப் பார்த்து ஆபீஸே வாயைப் பிளந்தது. இன்ஸ்பெக்ஷன் முதலிடம்! ஆளுக்கு ஒரு நாளைக்குப் பதினாலாயிரம் அடி. ஒருத்திக்கும் இன்னொருத்திக்கும் நாலைந்து அடிதான் வித்தியாசம். பவ்யாவுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. பன்னிரண்டு பேரையும் நிற்கவைத்துப் படம் எடுத்து, 'உட்கார்ந்த வேலையிலும் நடக்க முடியும்!' என்று பெரிய எழுத்தில் அச்சடித்து மாடிப்படித் திருப்பத்தில் மாட்டினாள். தினமும் அந்தப் படத்துக்கு முன்னால்தான் கெங்கம்மாள் மூச்சு வாங்க நிற்பாள். ரயில் நிலையத்தில் அட்டவணை, இங்கே படம்.

இருபத்து மூன்றாம் நாள், திட்டத்தை நடத்தும் நிறுவனத்திலிருந்து ஞானசேகரனுக்குச் சிவப்பு எழுத்தில் ஒரு கடிதம் வந்தது. உங்கள் தொழிற்சாலையில் பன்னிரண்டு பேருக்கு நாடித் துடிப்பு ஆபத்தான அளவில் இருக்கிறது, உட்கார்ந்திருக்கும்போதே நூற்றுப் பத்து, எல்லாரும் ஒரே பிரிவு, உடனே கவனிக்கவும்.

ஞானசேகரனுக்கு வியர்த்துவிட்டது. ஒரே அறையில் பன்னிரண்டு பேர் என்றால் அறையில்தானே கோளாறு? ரப்பர் நெடி! அடுத்த மாதம் வெளிநாட்டு வாடிக்கையாளர் வேறு பார்வையிட வருகிறார். ஒரு மணி நேரத்தில் எலக்ட்ரீஷியன் வந்தார், சுவரில் ஓட்டை போட்டார், இரண்டு எக்ஸாஸ்ட் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. மூன்று வருஷமாக வசந்தகுமாரி எழுதிக்கொடுத்துக் கிடைக்காத ஃபேன் அது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என்ன புண்ணியம் செய்தோம் என்று அவர்களுக்குப் புரியவில்லை.

அடுத்த நொடியே பன்னிரண்டு பேரையும் மருத்துவ அறைக்கு வரச் சொன்னார்கள். நர்ஸ் சபீனா ஆவடிக்காரி. வாரம் மூன்று நாள் வருவாள். சிரித்துக்கொண்டே ஊசி போடுகிறவள். ஒவ்வொருத்தியாக நாடி பார்த்தாள். எழுபத்தாறு. எண்பது. எழுபத்திரண்டு. மறுபடியும் பார்த்தாள். எல்லாரும் குத்துக்கல் மாதிரி இருந்தார்கள்.

"பட்டை எங்கே?" என்று கேட்டாள்.

"ஊட்ல மறந்து வச்சிட்டேன்" என்றாள் வசந்தகுமாரி.

"நீங்க?"

"நானும் ஊட்ல."

பன்னிரண்டு பேரும் ஊட்டில்தான் வைத்திருந்தார்கள். பக்கத்தில் மடிக்கணினியோடு நின்றிருந்த பவ்யா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"வீட்ல இருக்கற பட்டை எப்படிங்க இப்ப மாடிப்படி ஏறுது?" என்றாள்.

திரையில் பன்னிரண்டு பெயர்களுக்கு நேரே பன்னிரண்டு துடிப்பு எண்களும் ஒன்றாக ஏறின. நூற்றுப் பதினெட்டு. நூற்று இருபத்து நாலு. நூற்று இருபத்தெட்டு. வெளியே படியில் காலடி கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. கதவு திறந்தது. பதினொரு மணி டீயோடு கெங்கம்மாள் வந்து நின்றாள்.

அறையில் இருந்த அத்தனை கண்ணும் தன் மேல் இருப்பதைக் கண்டு அவள் விறுவிறுவென்று உள்ளே வந்தாள். தட்டை உயரத் தூக்கி மேஜையில் வைக்கப் போனபோது கோட்டின் கை முழங்கைக்குச் சரிந்தது. வரிசையாக ஆறு பட்டை.

ஹேமநாதன் முகம்தான் முதலில் அவள் மனசில் வந்து நின்றது. "யம்மா, இவங்கள ஒண்ணும் சொல்லாத" என்றாள் சபீனாவைப் பார்த்து. "நாந்தான் டூருக்கு ஆசப்பட்டு வாங்கிக் கட்டிக்கினேன்."

"அய்ய, அக்கா பொய் சொல்லுது! நாங்கதான் கட்டி உட்டோம்" என்று வசந்தகுமாரி எழுந்துவிட்டாள்.

சபீனா இரண்டு பேருக்கும் பதில் சொல்லவில்லை. எழுந்து வந்து கெங்கம்மாளின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். பிறகு நகத்தைப் பார்த்தாள். "உக்காருங்கக்கா."

"டீ ஆறிடும்மா. இன்னும் ஆபீஸுக்குத் தரணும்."

"ஆறட்டும். ஒரு நாளு ஆறுன டீ குடிச்சா யாரும் சாவ மாட்டாங்க. உக்காருங்க."

விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள். சிறிய கருவியில் ஹீமோகுளோபின் எண் வந்தது. பன்னிரண்டுக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் ஆறரை. உடம்பில் பாதி ரத்தம்தான் வேலை செய்கிறது, அதனால்தான் நெஞ்சு இரட்டை வேகத்தில் அடித்துக்கொள்கிறது என்று சபீனா எல்லாருக்கும் புரிகிற மாதிரி சொன்னாள். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள்; பத்து நாள் படும் பாட்டையும் மெதுவாகக் கேட்டு வாங்கினாள். சோற்றோடு சேர்த்து டீ குடித்தால் சாப்பாட்டில் இருக்கிற இரும்புச் சத்து உடம்பில் ஒட்டாது என்றாள். பத்தொன்பது வருஷமாக ஊருக்கே டீ கொடுத்தவளுக்கு இது தெரியாமல் போயிற்று.

"பாதி ரத்தத்துல எங்க பன்னண்டு பேரையும் தூக்கிகினு நடந்துகீது" என்று சொல்லும்போதே வசந்தகுமாரி ஓவென்று அழுதுவிட்டாள். தோற்றுப்போனால் மட்டும்தான் அவள் அழுவாள் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

கெங்கம்மாளைத் திரைக்குப் பின்னால் கட்டிலில் படுக்கவைத்தார்கள். படுத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தாள். வேலை நேரத்தில் இந்தக் கட்டடத்தில் படுத்திருப்பது அதுதான் முதல் தடவை. திரைக்கு அந்தப் பக்கம் ஞானசேகரன் வந்த செருப்புச் சத்தம் கேட்டது.

"அவங்க நம்ம ஆளு இல்லையேம்மா" என்றார் அவர். "காண்டிராக்ட். இந்தத் திட்டத்துல எப்படிச் சேக்கறது?"

"சார்" என்றாள் பவ்யா. "இத்தனை நாள்ல இந்தத் திட்டம் ஒருத்தருக்காவது உபயோகப்பட்டிருக்குன்னா அது இவங்களுக்கு மட்டும்தான். அதுவும் நாம கொடுக்காத பட்டையால. நான் மேலிடத்துக்கு என்னன்னு அறிக்கை எழுதட்டும்?"

கெங்கம்மாள் மூச்சை அடக்கிக்கொண்டாள். இப்போது அவர் சொல்லப்போகும் ஒரு வார்த்தையில் தன் பத்தொன்பது வருஷம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

"ஹேமநாதனுக்கு போன் போடு" என்றார் ஞானசேகரன். பிறகு போனில் அவர் பேசியது அடுத்த அறை வரை கேட்டது. "வேற ஆளு அனுப்பாதீங்க. அனுப்பினா கேட்டுலயே திருப்பி அனுப்புவேன். கெங்கம்மா வர்ற வரைக்கும் ஒரு டீ மெஷின் வச்சு குடிச்சுக்கறோம். அவங்க லீவு லீவாவே இருக்கணும், புரியுதா?"

கெங்கம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். சந்தோஷமான அழுகைதான்.

ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையில் கட்டி என்றார்கள். பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரையில் அடங்கும் என்றார்கள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அதற்கு ஈடாக ரத்தம் கொடுக்க இன்ஸ்பெக்ஷனே திரண்டு வந்தது; கூட்டத்தைப் பார்த்து யாரோ பெரிய மனுஷி படுத்திருக்கிறாள் என்று வார்டில் பேசிக்கொண்டார்கள். மூன்று வாரம் ஓய்வு. காலையில் கேழ்வரகுக் கூழ், மத்தியானம் முருங்கைக் கீரை, அதட்டி ஊட்டாத குறையாகப் புருஷன்காரன்.

தொழிற்சாலையில் மெஷின் வைத்தார்கள். டீ பொத்தானை அழுத்தினால் காபி வந்தது, காபியை அழுத்தினால் வெந்நீர் வந்தது. மெஷினுக்கு முன்னால் நீள வரிசை; டீக்குப் போனவர்கள் அரை மணி நேரம் கழித்துத் திரும்பினார்கள். உற்பத்தி ஏன் குறைந்தது என்று ஞானசேகரன் கூட்டம் போட்டுக் கேட்டார். கூட்டத்துக்கு டீ வராததால் அதுவும் பாதியில் முடிந்தது. இதையெல்லாம் வசந்தகுமாரி தினமும் போனில் சொல்லச் சொல்ல, கெங்கம்மாள் வெள்ளானூரில் படுத்தபடி சிரித்துச் சிரித்து மாத்திரை போட மறந்துபோவாள்.

இருபத்திரண்டாம் நாள் திரும்பி வந்தாள். நடைமேம்பாலத்தில் பதினான்காவது படி வந்தது, போயிற்று. உச்சிக்கு வந்து நின்றபோது அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று கீழே எட்டி அட்டவணையை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

கேண்டீனில் பவ்யா காத்திருந்தாள். பதின்மூன்றாவது பட்டை, கெங்கம்மாள் என்று பெயர் எழுதியது. ஹேமநாதனின் ஆட்கள் எல்லாருக்கும் இப்போது பட்டை உண்டு, சபீனாவின் பரிசோதனையும் உண்டு. வேலை போய்விடும் என்று ஒளித்து வைத்திருந்த முட்டி வலிகளும் சர்க்கரை நோயும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அதனால் யார் வேலையும் போகவில்லை. இன்ஸ்பெக்ஷனின் பழைய கணக்கு மொத்தமும் ரத்து. தண்டனையாகப் பன்னிரண்டு பேரும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிஷம் கட்டடத்தைச் சுற்றி நடக்க வேண்டும் என்றார் ஞானசேகரன். தண்டனை அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. சாயங்காலம் கண் எரிச்சல் குறைந்தது, கீறல் விட்ட கார் பட்டைகள் அவர்கள் கையில் தப்பாமல் மாட்டின. அவரும் நாலாம் நாளிலிருந்து கூட நடக்க ஆரம்பித்தார்.

நூறாவது நாள் முடிவு வந்தது. பிரிவுகளில் கிடங்குக்கு முதலிடம். இன்ஸ்பெக்ஷன், எவ்வளவு நடந்தும், கடைசிக்கு முந்தினது. தனியாக அதிகம் நடந்தவர் யார் என்று பவ்யா காகிதத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு பட்டையில் ஒரு பட்டையின் கணக்கு உண்மையானது, அது கெங்கம்மாளுடையது என்று அவள் முன்பே எடுத்து வைத்திருந்தாள். மூன்று வாரம் படுத்திருந்தும் கெங்கம்மாளை யாராலும் தொட முடியவில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் கெங்கம்மாள் எழுந்தாள். "சார், கெடங்குல மொத்தம் எத்தினி பேரு?"

"பத்தொம்பது பேரு."

"பஸ்ஸு அம்பது சீட்டு. நா பத்தொம்பது வருசமா டீ கேன் ஏத்துறேன், எனுக்குத் தெரியாதா? மிச்ச சீட்டு காலியாத்தானே போவுது? இவங்க பன்னண்டு பேரும் ஒக்காந்துகினு வரட்டும். எனுக்கு வாக்கு குடுத்துட்டாங்க சார், ஒண்ணா போலாம்னு."

ஞானசேகரன் சிரித்த சிரிப்பில் அனுமதி இருந்தது.

டூர் அன்று விடிகாலையில் வழக்கம்போல அவள் டீ கேனைத் தூக்கப் போனாள். கிடங்கு ஆட்கள் பிடுங்கி ஏற்றினார்கள். ஜன்னலோரத்தில் அவளை உட்காரவைத்துப் பக்கத்தில் வசந்தகுமாரி உட்கார்ந்தாள். பஸ் கிளம்பும்போது கீழே வாட்ச்மேன் கையாட்டினார். கெங்கம்மாளுக்கு ஒரு நிமிஷம் என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு அவளும் ஆட்டினாள், எஸ்டேட்டைத் தாண்டும் வரைக்கும் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

மகாபலிபுரத்தில் கலங்கரை விளக்கம் ஏறி இறங்கி, சவுக்குத் தோப்பில் சாப்பிட்டு, எல்லாரும் பஸ்ஸில் ஏறினார்கள். ஞானசேகரன் கேனிலிருந்து காகிதக் கோப்பையில் தானே டீ பிடித்து, சிந்தாமல் நடந்து வந்து கெங்கம்மாளிடம் நீட்டினார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

அவள் கோப்பையைப் பார்த்தாள். பிறகு கையில் கட்டியிருந்த பட்டையில் மணி பார்த்தாள்.

"சாப்ட்டு ஒரு மணி நேரம் ஆவணும் சார், சபீனாம்மா சொல்லிகீது. இன்னும் பத்து நிமிசம் கீது. கைலயே வச்சிகினு இருங்க."

ஞானசேகரன் டீயோடு நின்றார். கெங்கம்மாள் ஜன்னல் கண்ணாடியை முழுசாகத் தள்ளிவிட்டு, கடல் தெரிகிற பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.